ஆளில்லாத் தீவும் ஆள்வோர் பேச்சும்

2025 செப்டெம்பர் 1ஆந் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கச்சதீவுக்குச் சென்றார். பதவியிலிருக்கும் ஜனாதிபதி ஒருவர் அத்தீவில் அடிவைத்தது அதுவே முதன்முறை. மறுநாட் காலை அச்செய்தி வந்த பத்திரிகையை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றிருந்தேன். பத்தாந் தர மாணவன் ஒருவன் படத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "சேர், அங்கை எத்தனை குடும்பம் இருக்கு?" என்று கேட்டான். "ஒரு குடும்பமும் இல்லை" என்றேன். "அப்ப ஏன் சேர் இவ்வளவு சண்டை?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அந்த வினாவுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஒப்பந்தங்களின் ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதினேன். எல்லைக்கோட்டை வரைந்து காட்டினேன். ஆனால் அவன் கேட்டது அதுவன்று என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்ல முயல்கின்றேன்.

கச்சதீவு 285 ஏக்கர் பரப்புடைய ஒரு சிறு நிலத்துண்டு. நீளம் ஒரு மைல் அளவு. நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீற்றர் தொலைவிலும், இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தொலைவிலும் பாக்கு நீரிணையின் நடுவே கிடக்கின்றது. குடிப்பதற்கு நன்னீர் இல்லை. கடற்படையினரின் காவல் நிலையம் ஒன்றும், புனித அந்தோனியார் ஆலயமும் தவிர அங்கே நிலையான கட்டடம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. இத்தகைய நிலத்துண்டு ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக இரு நாடுகளின் மேடைகளிலும் பேசப்பட்டு வருகின்றது. பேசப்படுவதெல்லாம் 'யாருக்கு உரியது' என்ற ஒரே பொருள் பற்றியே. அதனை எவ்வாறு காப்பது, யார் எப்போது எவ்வாறு அங்கே செல்வது, அதனைச் சூழ்ந்த கடலின் கதி என்ன என்ற வினாக்கள் மேடை ஏறுவதில்லை.

வழக்கின் வரலாறு

வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் இராமநாதபுரம் சமீன் இத்தீவுக்கு உரிமை கொண்டாடியது. இலங்கை அரசாங்கமும் கொண்டாடியது. 1921இல் சென்னை மாகாணப் பிரதிநிதிகளும் இலங்கைப் பிரதிநிதிகளும் கொழும்பில் கூடிக் கடலெல்லை பற்றிப் பேசினர். முடிவு உறுதிப்படுத்தப்படாமலே கிடந்தது. இரு நாடுகளும் சுதந்திரம் பெற்ற பின்னரும் வழக்கு அவ்வாறே தொடர்ந்தது. 1974 யூன் மாதத்தில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பிரதமர் இந்திரா காந்தியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி எல்லைக்கோடு கச்சதீவுக்கு மேற்கே வரையப்பட்டது. தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது.

அவ்வொப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு நமது பொருளுக்கு முக்கியமானது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வந்து செல்லலாம் என்றும், அதற்கெனக் கடவுச்சீட்டோ விசாவோ கேட்கப்படமாட்டாது என்றும் அது கூறுகின்றது. 1976 மார்ச் மாதத்து உடன்படிக்கையும் அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களும், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடித்தல் ஆகாது என்ற நிலையை உண்டாக்கின. ஆக, வருவதற்கு வழி உண்டு. வலை வீசுவதற்கு வழியில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொண்டதே பின்னர் எழுந்த பேச்சுக்கள் பலவற்றின் ஊற்று எனலாம்.

அதன் பின் தேர்தல் வரும்போதெல்லாம் தீவும் வருகின்றது. 2024ஆம் ஆண்டு இந்தியப் பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னர் பிரதமர் மோடியே இதனைப் பேசுபொருளாக்கினார். 2025 ஏப்ரிலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீவை மீட்கவேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஓகஸ்டில் மதுரையில் நடைபெற்ற கட்சி மாநாடொன்றிலும் அக்கோரிக்கை முழங்கியது. அதற்குச் சில நாட்களின் பின்னரே நமது ஜனாதிபதியின் பயணம் நிகழ்ந்தது. நாட்டின் நிலத்தையும் கடலையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவர் உறுதி கூறினார். அக்கரையில் மீட்போம் என்கின்றனர். இக்கரையில் விடோம் என்கின்றனர். பாதுகாப்பு என்ற சொல் இரு கரையிலும் வழங்குகின்றது; அச்சொல்லுக்குப் பிறரிடமிருந்து பாதுகாத்தல் என்ற ஒரு பொருள் மட்டுமே உண்டு என்பதுபோல வழங்குகின்றது.

நான் கண்ட தீவு

சில ஆண்டுகளுக்கு முன்னர் அந்தோனியார் திருவிழாவுக்கு நானும் சென்றேன். நான் சைவன். எங்கள் ஊர்க் கரையில் தொழில் செய்யும் நண்பர் ஒருவர், "மாஸ்டர், ஒருக்கா வந்து பாருங்கோ, அந்தோனியார் ஆரெண்டு கேக்கமாட்டார்" என்று அழைத்தார். குறிகாட்டுவான் துறையிலே விடியற்காலையில் வரிசையில் நின்று படகேறினோம். நெடுந்தீவைக் கடந்த பின் நீரைத் தவிர வேறொன்றும் இல்லை. நெடுநேரம் சென்றபின் கிடுகுவேலியின் நிழல்போல ஒரு கரிய கோடு தென்பட்டது. மலையுமில்லை, உயர்ந்த மரமுமில்லை. கிட்டப்போகும் வரை அது நிலமென்று நம்புவது அரிது.

இறங்கியதும் வெண்மணல், அதற்கப்பால் முட்செடியும் பற்றையும். திருவிழா தவக்காலத்தில் வருவது. முதலாம் நாள் மாலை கொடியேற்றம், பின்னர் சிலுவைப்பாதை, இரவில் திருச்சொரூபப் பவனி. மறுநாட் காலை திருவிழாத் திருப்பலி. யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் நடைபெறும் இவ்விழாவுக்கு இராமேசுவரம், தங்கச்சிமடம் முதலிய கரைகளிலிருந்தும் படகுகள் வரும். இருபுறத்துக் குருமாரும் சேர்ந்து பூசை நடத்துவர். ஆலயத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கரை மீனவர் ஒருவர் எழுப்பினார் என்பது செவிவழிச் செய்தி. 2016 டிசெம்பரில் திறந்து வைக்கப்பட்ட புதிய ஆலயமும் இப்பொழுது அதனருகே நிற்கின்றது. போர்க்காலத்தில் விழா பல ஆண்டுகள் தடைப்பட்டது. போர் ஓய்ந்தபின் மீண்டும் தழைத்தது.

அன்று மாலை மணலில் விரிக்கப்பட்ட சேலைகளையும், மாற்றாகக் கொடுக்கப்பட்ட சவர்க்காரத்தையும் தேங்காயெண்ணெயையும் கண்டேன். பேரம் இருந்தது, ஆனால் கடைத்தெருவின் கடுமை இல்லை. திருமணமாகி அக்கரைக்குப் போன தங்கையைப் பல ஆண்டுகளின் பின் கண்டு அழுத முதியவள் ஒருத்தியையும் கண்டேன். இரண்டு நாட்டுத் தமிழர் கடவுச்சீட்டின்றிச் சந்தித்துப் பேசக்கூடிய இடம் உலகில் அது ஒன்றே என்று அன்று எண்ணினேன். இன்றும் அவ்வாறே எண்ணுகின்றேன்.

இரவில் பவனி முடிந்தபின், என் நண்பரும் அக்கரை மீனவர் ஒருவரும் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். நண்பரின் வலை அவ்வாண்டு இருமுறை இழுவைப் படகுகளில் அகப்பட்டுக் கிழிந்திருந்தது.

"எங்கடை வலையை அறுத்துப்போட்டு அந்தோனியாரிட்டை என்ன முகத்தோடை வாறியள் தம்பி?" என்று அவர் கேட்டார். குரலிலே கோபமில்லை, களைப்பே இருந்தது.

மற்றவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "படகு என்னோடது இல்லைண்ணே. நான் கூலிக்குப் போறவன். போகலேன்னா வீட்டுல அடுப்பு எரியாது" என்றார்.

நண்பர் தம் பையிலிருந்த பனங்கட்டியில் ஒரு துண்டை உடைத்து அவரிடம் நீட்டினார். அதற்குமேல் அப்பொருள் பற்றி இருவரும் பேசவில்லை. மேடைகளிலே கச்சதீவைப் பற்றிப் பேசுவோர் எவரும் அந்தக் கயிற்றுச் சுருளின்மேல் ஒருநாள் இரவாவது அமர்ந்திருந்தால் நன்றாயிருக்கும்.

மறுநாட் காலை திருப்பலி முடிந்ததும் படகுக்கு விரைந்தோம். அப்பொழுது திரும்பிப் பார்த்தேன். பற்றைகளின் அடியில் சோற்றுப் பொதிகளின் பொலித்தீன் தாள்கள், தண்ணீர்ப் போத்தல்கள், கிழிந்த பைகள். துப்புரவு செய்யும் பொறுப்பை ஏற்றவர்கள் சாக்குகளோடு நடந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் காற்று அவர்களைக் காட்டிலும் விரைந்து நடந்தது. அந்தப் போத்தல்களில் ஒன்று என்னுடையது. கையில் சுமக்கச் சோம்பி ஒரு செடியடியில் வைத்துவிட்டு, எவராவது பொறுக்குவர் என்று எண்ணி வந்தவன் நான். சுற்றாடற் பாடத்தை மாணவர்க்குப் படிப்பிக்கும் ஆசிரியனின் செய்கை அது. இதனை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கின்றது.

பிற தீவுகள் தரும் பாடம்

மனிதர் குடியில்லாத தீவை மனிதர் என்ன செய்வது என்ற வினா நமக்கு மட்டும் உரியதன்று. உலகில் வேறு பலரும் இதனை எதிர்கொண்டு வெவ்வேறு விடை கண்டிருக்கின்றனர். மூன்றை மட்டும் இங்கு எடுத்துக் கொள்கின்றேன்.

ஐஸ்லாந்தின் தென்கடலில் 1963 நவம்பரில் எரிமலை வெடித்து ஒரு புதிய தீவு பிறந்தது. சேட்சி என்பது அதன் பெயர். எரிமலை 1967 யூன் வரை ஓயவில்லை. உயிரற்ற நிலத்தில் உயிர் எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை ஆராய்வதற்காக, எரிமலை அடங்குமுன்னரே, 1965இல், அத்தீவு காப்பகமாக்கப்பட்டது. அனுமதி பெற்ற ஆய்வாளர் சிலரைத் தவிர எவரும் இறங்க முடியாது. அவ்வாறிருந்தும் ஒருமுறை எரிமலைப் பாறைக்கிடையே தக்காளிச் செடியொன்று முளைத்திருந்தது. விசாரித்தபோது, ஆய்வாளர் ஒருவர் இயற்கைக் கடன் கழித்த இடத்திலே அது முளைத்தது என்று தெரியவந்தது. செடி உடனே அகற்றப்பட்டது. ஒரு மனிதனின் ஒரு கவலையீனமே ஒரு தீவின் கதையை மாற்றப் போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அயர்லாந்தின் மேற்கே அத்திலாந்திக் கடலில் நிற்பது ஸ்கெலிக் மைக்கேல் என்னும் பாறைத்தீவு. பழங்காலத் துறவிகள் கல்லாற் கட்டிய குடில்கள் அதன் உச்சியில் உண்டு. கடற்பறவைகள் அதன் சரிவெங்கும் கூடுகட்டும். அங்கே செல்லத் தடையில்லை, அளவு உண்டு. கோடைகாலத்துச் சில மாதங்கள் மட்டும், அனுமதி பெற்ற 15 படகுகளில், படகுக்கு 12 பேராக, நாளொன்றுக்கு 180 பேர் இறங்கலாம். திரைப்படமொன்றில் அத்தீவு இடம்பெற்றதனால் உலகெங்குமிருந்து மக்கள் திரண்ட காலத்திலும் அக்கணக்கு அடிப்படையாகவே இருந்து வந்தது.

மூன்றாவது யப்பானின் ஒக்கினோஷிமா. கச்சதீவோடு ஒப்பிடத்தக்கது இதுவே. பரப்பிலும் ஏறத்தாழ அதனை ஒத்தது, வழிபாட்டுக்குரியது. 4ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை கடற்பயணத்தின் நலம் வேண்டி அங்கே படைக்கப்பட்ட பொருள்களில் ஏறத்தாழ 80,000 கண்டெடுக்கப்பட்டுள்ளன. இவை இத்தனை நூற்றாண்டு நிலைத்தமைக்குக் காரணம் காவற்படையன்று, மரபு. தீவிலிருந்து ஒரு புல்லைக்கூட எடுத்து வரலாகாது. அங்கே கண்டதைப் பிறரிடம் கூறலாகாது. கடலில் நீராடித் தூய்மை பெற்ற பின்னரே கரையேறலாம் என்பன அம்மரபு. பெண்கள் செல்லக்கூடாது என்ற விதியும் அதில் அடங்கும். அதனை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆண்டிலே ஒரு நாள் மட்டும், மே மாதம் 27ஆந் திகதி, தெரிவுசெய்யப்பட்ட இருநூறு ஆண்கள் வரை சில மணி நேரம் செல்லலாம் என்றிருந்தது. 2017இல் தீவு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்தவுடன் வேறொரு நாட்டில் என்ன நிகழ்ந்திருக்கும்? விடுதிகள் எழுந்திருக்கும். அங்கே 2018 முதல் அந்த ஒருநாள் வருகையையும் பொதுமக்களுக்கு நிறுத்திவிட்டனர்.

முதலாவது தீவில் எவருமில்லை என்பது விதி. இரண்டாவதில் எண்ணிச் செல் என்பது விதி. மூன்றாவதில் வணங்கிச் செல், பின் விலகி நில் என்பது விதி. கச்சதீவுக்கோ எழுதப்படாத விதியொன்று ஏற்கெனவே இருக்கின்றது. ஆண்டிலே இரண்டு நாள் மக்கள். எஞ்சிய நாட்களில் காவலர் சிலரைத் தவிரக் காற்றும் பறவையும். இவ்விதியை எந்த நிபுணர் குழுவும் வகுக்கவில்லை. நன்னீரின்மையும், கடலின் தன்மையும், மீனவரின் பக்தியும் சேர்ந்து வகுத்தன. நம்மிடம் இருக்கும் நல்லதை நாம் அறியாமலிருக்கின்றோம் என்பதே என் கருத்து.

சுற்றுலா என்னும் ஆசை

அண்மைக் காலத்தில் கச்சதீவைச் சுற்றுலாத்தலமாக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. வடக்கின் பொருளாதாரம் நலிந்து கிடக்கும் வேளையில் இவ்வாசை எழுவது இயல்பே. அதனை ஏளனம் செய்ய நான் விரும்பவில்லை. ஆனால் சில உண்மைகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குடிநீர் இல்லாத நிலத்தில் நாள்தோறும் மக்கள் தங்கினால், நீரைப் படகில் கொண்டுவர வேண்டும். கழிவைப் படகில் கொண்டுபோக வேண்டும். கொண்டுவருவதற்கு இலாபம் உண்டு, கொண்டுபோவதற்கு இல்லை. ஆதலின் முதலாவது நடக்கும், இரண்டாவது நடவாது. இதனை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. என்னுடைய ஒரு போத்தலின் கதையே போதும்.

படகோடு வருவன மனிதர் மட்டுமல்ல. எலியும் வரும், அந்நிய விதைகளும் வரும். தென் அத்திலாந்திக்கில் உள்ள தென் ஜோர்ஜியாத் தீவுக்குக் கடல்நாய் வேட்டைக்காரரும் திமிங்கில வேட்டைக்காரரும் சென்ற கப்பல்களில் எலிகள் போய்ச் சேர்ந்தன. நிலத்திற் கூடுகட்டும் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகின. அவற்றை ஒழிக்கப் பல ஆண்டுகள் பெரும்பொருள் செலவிட்டு, 2018இலேயே எலியற்ற தீவு என்று அறிவிக்க முடிந்தது. நம் மன்னார்க் கடலில், இராமர் அணையின் மணற்றிட்டுகளில், ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் வெறுமணலில் முட்டையிடுகின்றன. 2015இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதே ஆண்டில் நெடுந்தீவின் ஒரு பகுதியும் தேசியப் பூங்காவாயிற்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கடலில் கிடக்கும் கச்சதீவில் என்னென்ன பறவை தங்குகின்றது, எச்செடி வளர்கின்றது, எந்தக் கரையில் ஆமை ஏறுகின்றது என்று ஆண்டுதோறும் எண்ணிப் பதிவுசெய்யும் பணி நமது பல்கலைக்கழக மாணவருக்கு உகந்தது. ஐம்பது ஆண்டுகளாக நாம் உரிமை கொண்டாடும் நிலத்தின் புல்லையும் பறவையையும் பெயர்சொல்லி அழைக்க நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாவா?

தீவைச் சூழ்ந்த கடல்

ஆயினும் தீவுக்கு வரும் கேட்டில் பெரும்பகுதி தீவின்மேல் நிகழவில்லை. அதனைச் சுற்றிய நீருக்கடியில் நிகழ்கின்றது.

பாக்கு நீரிணை ஆழமற்ற கடல். பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. ஒளி அடித்தளம் வரை செல்வதனால் அங்கே கடற்புல் படர்கின்றது. சாதாளை என்று நம் கரையோர மக்கள் கூறி ஒதுக்கும் அந்தப் பசுமைதான் இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில்; கடற்பசு எனப்படும் ஆவுளியாவுக்கு உணவு. இத்தொட்டிலின்மேல் இழுவை வலையை இழுப்பது, நாற்றுமேடையில் ஏர் பூட்டுவதை ஒக்கும். வாய் அகன்ற வலையைக் கனத்த பலகைகளும் சங்கிலியும் அடித்தளத்தோடு அழுத்த, படகின் இயந்திரம் அதனை இழுத்துச் செல்லும். வேண்டிய மீனும் வேண்டாத குஞ்சும் புல்லும் சிப்பியும் ஒருங்கே அள்ளப்படும். இறாலைப் பொறுக்கிக்கொண்டு எஞ்சியதில் பெரும்பகுதியைக் கருவாட்டுக்கோ கோழித்தீனுக்கோ கொடுப்பர். அல்லது கடலிலே கொட்டுவர்.

இம்முறை அக்கரையில் வேரூன்றியது எவ்வாறு என்பதையும் நேர்மையோடு சொல்லல் வேண்டும். நூற்றாண்டின் நடுப்பகுதியில், முன்னேற்றம் என்ற பெயரால், அந்நிய உதவியோடும் அரசாங்கக் கடனோடும் புகுத்தப்பட்ட தொழில் இது. ஏற்றுமதி இறாலின் விலை அதனை வளர்த்தது. அக்கரைக் கடலடி வறண்டபோது படகுகள் கிழக்கே திரும்பின. அப்பொழுது நம் வடபகுதி மீனவர் போரினாலும் கடற்றடையினாலும் கரையிலே முடங்கியிருந்தனர். கடல் வெறிதாய்க் கிடந்தது; வந்தவர் தடையின்றி அள்ளினர். 2009இன் பின் நம்மவர் மீண்டும் கடலிறங்கியபோது, தம் கடலில் பிறர் வழக்கம் ஒன்று நிலைத்துவிட்டதைக் கண்டனர். இழுவைப் படகுகள் வரும் நாட்களில் வலையைக் கரையிலே காயவிட்டு வீட்டிலிருப்பதே இங்குள்ள பலருக்கு வழக்கமாயிற்று. அகப்பட்ட அக்கரைத் தொழிலாளர் சிறையிலிருப்பதும், அவர்தம் குடும்பங்கள் தவிப்பதும் இன்னொரு துயரம். துப்பாக்கிச் சூட்டிலும் படகு மோதலிலும் உயிர்கள் போயிருக்கின்றன. 2024ஆம் ஆண்டுத் திருவிழாவை இராமேசுவரத்து மீனவர் பகிஷ்கரித்தனர். தம் தோழர் சிறைப்பட்டமைக்கு எதிர்ப்பாக. கடலில் மூண்ட பகை கோயில் வாசல் வரை வந்துவிட்டது.

சட்டம் இல்லாமலில்லை. இலங்கைப் பாராளுமன்றம் 2017 யூலையில் கடலடி இழுவை முறையை முற்றாகத் தடைசெய்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில், பாக்கு நீரிணைப் பகுதியின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. இலக்கில் சிறு பகுதியே நிறைவேறியது. ஆழ்கடற் படகின் செலவைத் தாங்க அந்த மீனவரால் இயலவில்லை. ஒருநாட் பயணத்துக்குப் பழகியவர் பல வாரங்கள் கடலில் தங்க உடன்படவுமில்லை. 2016இல் இரு அரசாங்கங்களும் அமைத்த கூட்டுச் செயற்குழு கூடுவதும் கலைவதுமாக இருக்கின்றது.

இத்தனை இருளிலும் ஒரு சிறு ஒளி தெரிகின்றது. 2022 செப்டெம்பரில் தமிழ்நாட்டு அரசு தன் பக்கத்துப் பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. கடற்பசு 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தை வாசித்ததில்லை. புல் இருக்கும் பக்கம் அது போகும். கோட்டின் ஒருபுறம் காத்து மறுபுறம் உழுதால் காப்பு என்பதற்குப் பொருளில்லை. ஒரே கடலின் இரு பாதிகளையும் ஒருங்கே காக்க இரு அரசாங்கங்களும் உடன்படுமாயின், அக்காப்பகத்தின் நடுவிலே கச்சதீவு அமையும்.

செய்யத்தக்கன

என் கருத்தில் செய்யத்தக்கன சிலவே. தீவின்மீது இலங்கைக்கு உள்ள ஆட்சியுரிமை ஒப்பந்தத்தால் முடிந்த காரியம். அதனை மீண்டும் கிளறுவதால் எந்த மீனவனின் வலையிலும் ஒரு மீன் கூடுதலாக விழப்போவதில்லை. தீவைச் சுற்றிய கடல் எல்லைக்கு இப்பால் உள்ள வரையில் தீவை மீட்பதாற் பயன் கிட்டும் என்று அக்கரை மீனவனுக்குச் சொல்வது அவனை ஏமாற்றுவதாகும். அதேபோல, தீவின்மேற் கொடி பறப்பதனால் மட்டும் கடல் காக்கப்பட்டுவிட்டது என்று நம் மீனவனுக்குச் சொல்வதும் ஏமாற்றே.

திருவிழாவின் இரண்டு நாட்களும் நிலைபெற வேண்டும். அக்கரையிலிருந்து வருவோருக்கு ஒப்பந்தம் தந்த வழி அடைபடலாகாது. எஞ்சிய நாட்களில் ஆய்வாளரும் காவலரும் தவிரப் பிறர் இறங்காதிருத்தல் நன்று. நிலையான கட்டடங்கள் இனிக் கூடுதலாகா. எந்த மதத்தின் பேராலும் புதிய சின்னம் எழலாகாது; 2023இல் அங்கே புத்தர் சிலை வைக்கப்பட்டமை பற்றி எழுந்த மனக்கசப்பே அதற்குப் போதிய காரணம். அது கடற்படையினரின் வழிபாட்டுக்கு என்று விளக்கம் கூறப்பட்டது. ஆயினும் சிறு தீவில் எச்சின்னமும் சிறிதாய்த் தோன்றுவதில்லை. கொண்டுசென்ற பொருள் எதுவாயினும் அதனைத் திரும்பக் கொண்டுவருதல் யாத்திரையின் ஒரு பகுதியாதல் வேண்டும். துறையிலே படகேறும்போது போத்தலை எண்ணி, திரும்பும்போது மீண்டும் எண்ணினாற் குற்றமென்ன? குருமார் ஒரு சொற் கூறினால் மக்கள் கேட்பர். அரசாங்கத்தின் பத்து அறிவித்தல் பலகைகளுக்கு அவ்வலிமை இல்லை.

கடலைப் பொறுத்தவரை, இழுவைத் தொழிலை நிறுத்தும் செலவைக் கூலிக்குப் போகும் தொழிலாளியின் தலையில் சுமத்தலாகாது. படகுக்கு உரியவரும், ஏற்றுமதியால் இலாபம் கண்டவரும், அத்தொழிலை ஊக்கிய அரசாங்கமும் அதனை ஏற்றல் வேண்டும். இரு கரை மீனவர் சங்கங்களும் முன்னர் பலமுறை நேருக்கு நேர் அமர்ந்து பேசியிருக்கின்றன. அப்பேச்சுக்கள் அமைச்சர்களின் பேச்சுக்களைக் காட்டிலும் உண்மையோடு நடந்தன. அவற்றை மீண்டும் கூட்டுதற்கு ஏற்ற இடம் கொழும்பும் அன்று, டில்லியும் அன்று. திருவிழாவின் முதலாம் நாள் இரவு, அந்த மணலிலேயே கூட்டலாம்.

அடுத்த முறை அம்மாணவனின் வகுப்புக்குச் செல்லும்போது தேசப்படத்தோடு ஒரு கடற்புற் கொடியையும் கொண்டுசெல்ல எண்ணியிருக்கின்றேன். "ஒருவருமில்லாத தீவுக்கு ஏன் சண்டை" என்று அவன் கேட்டதற்கு, "அங்கே ஒருவருமில்லை என்று நாம் எண்ணிக் கொண்டதனாலேதான்" என்று தொடங்கலாம் என்று நினைக்கின்றேன். அடுத்த திருவிழாவுக்கு அவனையும் அவன் தோழர் சிலரையும் அழைத்துச் செல்ல என் நண்பரிடம் கேட்டிருக்கின்றேன். படகில் இடம் உண்டு என்றார். ஒரு சாக்கும் எடுத்துவரச் சொன்னார்.